போட்டியிடாத பெருமக்களுக்குப் பாராட்டு விழா

தேர்தலில் ஜெயித்தவருக்கு மாலை கிடைக்கிறது. தோற்றவருக்கு ஆறுதல் கிடைக்கிறது. மனுவே போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு கதர்த்துண்டுகூடப் போர்த்தியதில்லை. தமிழ்நாட்டின் உள்ளாட்சியை இன்றைய கதிக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் நின்றவர்களின் பங்கு கொஞ்சம்தான். நிற்காதவர்களின் பங்கே பெரிது. அந்தப் பெருமக்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்காவிட்டால் நாம் நன்றி கெட்டவர்கள் ஆவோம். ஊர் மந்தையில் பந்தல் போட்டாயிற்று. மைக் செட் வந்துவிட்டது. தண்ணீருக்குக் கேன் சொல்லியிருக்கிறோம். குழாயில் ஏன் வரவில்லை என்று விழா மேடையில் யாரும் கேட்கக் கூடாது.

முதலில் விழா நாயகரை அறிமுகம் செய்துவிடுவோம். நகர்ப்புறத்துக்காரர் என்றால் அவர் குடியிருப்போர் நலச்சங்கத்தில் ஏதோ ஒரு பொறுப்பில் இருப்பார். காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப் பூவுடன் வணக்கம் வைப்பார். ஆறு ஐந்துக்கு, வாசலில் தேங்கி நிற்கும் சாக்கடையைப் படமெடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, ‘கேட்பாரில்லையா?’ என்று கேட்பார். கிராமத்துக்காரர் என்றால் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் வரிசையில் நிற்பார். தெருவிளக்குக்கு ஒரு மனு, மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு மனு, பேவர் பிளாக் பெயர்ந்ததற்கு ஒரு மனு. மனு எழுதி எழுதியே கையெழுத்து அழகாகிப்போனவர். வாழ்நாளில் அவர் எழுதாத ஒரே மனு, வேட்புமனு.

‘நீங்களே நிக்கலாமே சார்’ என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். ‘அரசியலா? அது சாக்கடை சார்’ என்பார். அரசியல் என்ற சாக்கடையில் கால் வைக்க மாட்டார்; அதன் பலனாக வாசலில் ஓடும் சாக்கடையில் தினமும் கால் வைப்பார்.

இது ஒருவர் இருவரின் சாதனை என்று நினைத்துவிட வேண்டாம். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மொத்தம் 91,975 பதவிகள். அவற்றில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் இடங்கள் மட்டும் 76,746. அதில் 18,137 இடங்களில் வாக்குப்பெட்டிக்கே வேலையில்லை, அன்னபோஸ்ட். நான்கு வார்டுக்கு ஏறக்குறைய ஒரு வார்டு. 410 ஊராட்சித் தலைவர்களும் அப்படியே போட்டியின்றி வந்தார்கள். அவற்றில் சில, ஊரே மனமொத்து நல்ல ஆளாகப் பார்த்து உட்கார வைத்த இடங்களாக இருக்கும், அவர்களைக் கும்பிடுவோம். மற்ற இடங்களில் நடந்தது என்ன என்பதை இந்த மேடைக்கு வாழ்த்துரை வழங்க வந்திருப்பவர்களே சொல்வார்கள்.

அதற்கு முன் வரவேற்புரை. எந்த உள்ளாட்சி விழாவானாலும் வரவேற்புரையில் உத்திரமேரூர் வந்தாக வேண்டும். வராவிட்டால் மைக் வேலை செய்யாது. ‘முதலாம் பராந்தகன் காலத்திலேயே, கி.பி. 919, 921 ஆண்டுகளிலேயே, குடவோலை முறை கண்டு உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தவன் தமிழன்!’ கைதட்டல். அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை என்பதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் கைதட்டல் குறைந்துவிடும். அந்தக் கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் உறவினர் பெயரையும் போடக் கூடாது. ஆயிரத்து நூறு வருடத்துப் பெருமையை முழுசாக எடுத்துக்கொண்டோம். இந்த ஒரு வரியை மட்டும் கல்லிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். எடுத்து வந்திருந்தால் இந்த மேடையில் பாதி நாற்காலி காலியாக இருக்கும்.

முதல் வாழ்த்துரை, தனி அலுவலர். அரசமைப்புச் சட்டத்தில் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் அதை எப்படி வாசித்தார்கள் என்று பாருங்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அறிவித்த தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. பிறகு வார்டு மறுவரையறை, பிறகு வழக்கு, பிறகு வழக்குக்கு மேல் வழக்கு. 27 மாவட்டக் கிராமங்களுக்குத் தேர்தல் வந்தது 2019 கடைசியில். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். நகரவாசிக்கு ஒரு முழுப் பதவிக்காலம் தேர்தலே இல்லாமல் கழிந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலின்மை என்று மாற்றிய பெருமை ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமில்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதி, 2019-இல் தேர்தல் நடந்த பகுதிகளில் ஊரகப் பிரதிநிதிகளின் காலம் முடிந்தபோது, ஆட்சி மாறியிருந்தது; தனி அலுவலர் மாறவில்லை. ஆறு மாதத்துக்கு மட்டும் என்றார்கள். பிறகு நீட்டித்தார்கள்.

தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒரு ஒன்றியத்தில் சராசரியாக முப்பதுக்கு மேல் ஊராட்சிகள். அத்தனை ஊருக்கும் அவரே தலைவர், அவரே மன்றம், அவரே தீர்மானம். பாவம், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் மேல் ஏற்றிய பாரம் அது. உங்கள் தெரு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அடுத்த மாதம் டிரான்ஸ்ஃபர். அவரிடம் கோபித்துக்கொண்டு அடுத்த தேர்தலில் தோற்கடிக்க முடியாது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லையென்றால் மத்திய நிதிக்குழு மானியம் வராமல் நிற்கும் என்பது கூடுதல் சிறப்பு. இதற்கு நடுவில் நவம்பர் 1-ஆம் தேதியை ‘உள்ளாட்சி தினம்’ என்று கொண்டாடுவதாகவும் அரசு அறிவித்திருக்கிறது. மாப்பிள்ளை இல்லாத வீட்டில் கல்யாண நாள் விருந்து.

தேர்தல் நடக்கவில்லை என்று தெருவுக்கு வந்து கத்தியவர்கள் எத்தனை பேர்? சட்டமன்றத் தேர்தலை ஒரு வாரம் தள்ளி வைத்துப் பாருங்கள், நாடே கொதிக்கும். ஊராட்சித் தேர்தலை வருடக்கணக்கில் தள்ளி வைத்தால், விழா நாயகர் வாட்ஸ்அப்பில் சாக்கடைப் படம் போட்டுக்கொண்டிருப்பார். நிற்க யாருக்கும் ஆசையில்லை என்று தெரிந்தால், நடத்த எந்த அரசுக்கு ஆசை வரும்?

இரண்டாவது வாழ்த்துரை, ஏலம் எடுத்தவர். வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலி, கையில் ஊர்க்கட்டு நோட்டு. இவர் கதையைச் சொல்லும்போது குரலில் பக்தி தொனிக்கும். கோயில் திடலில் ஊர்க்கூட்டம். ஜமுக்காளம் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘எதுக்குத் தேர்தல், எதுக்குச் சண்டை? யார் கோயிலுக்கு அதிகம் குடுக்கிறாங்களோ அவங்களே தலைவர்’ என்கிறார் ஒருவர். ‘அஞ்சு.’ ‘ஏழரை.’ ‘பத்து.’ சாமி சாட்சி. மூன்று தரம் கூவி முடிந்ததும், மற்றவர்கள் மனுப் போடக் கூடாது என்று வெற்றிலை மாற்றிக்கொள்கிறார்கள். கும்பாபிஷேகம் கன ஜோராக நடக்கும். தலைவரானவர் போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்று சாமியும் கேட்காது, ஊரும் கேட்காது. கால்வாயில் போட வேண்டிய சிமென்டு அவருக்கு வட்டி கட்டும்.

2019 டிசம்பரில் பண்ருட்டி பக்கத்தில் ஒரு ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. ஏலம் சட்டவிரோதம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது. அதே மாதம் விருதுநகர் மாவட்டத்தில் ஏலத்தை எதிர்த்துக் கேட்ட ஓர் இளைஞரை அடித்தே கொன்றார்கள். ஏலம் கேட்பவரோ வழக்கம்போல ஊர்ப் பெரியமனுஷன்.

மூன்றாவது வாழ்த்துரை, தலைவரின் வீட்டுக்காரர். 2016-இல் பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 சதவீத இடஒதுக்கீடு வந்தது. வீட்டுக்காரர்கள் அதை வீட்டுக்கு வந்த ஒதுக்கீடாக எடுத்துக்கொண்டார்கள். தலைவரம்மா எங்கே என்று கேட்டால் ‘என்ன விஷயம், என்கிட்ட சொல்லுங்க’ என்பார். ரப்பர் ஸ்டாம்ப் அவர் சட்டைப்பையில் இருக்கும். ஃபிளெக்ஸில் அம்மாவின் படம் தபால்தலை அளவு, அவர் படம் ஆள் உயரம். ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுவார். அம்மா கையெழுத்துப் போட மட்டும் வருவார். இதைத் தடுக்கச் சுற்றறிக்கைகள் உண்டு. அவற்றையும் வாங்கி ஃபைலில் வைப்பவர் அவரே. இதையெல்லாம் மீறி, வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு, குடிநீர் மோட்டார் ரிப்பேர் முதல் நூறு நாள் வேலை அட்டை வரை தானே பார்த்த பெண் தலைவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு படித்த வார்டு உறுப்பினர் வேண்டாமா? ஐயோ, அவர்தான் அரசியல் சாக்கடை என்று வீட்டுக்குள் இருக்கிறாரே.

சென்னைவாசிகள் இந்த இடத்தில் கிராமத்துக்காரனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1688-இல் தொடங்கிய மாநகராட்சி உங்களுடையது. அதில் ஒரு பெருமை உண்டு. அந்த மாநகராட்சி, கூலியாட்களின் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் நடந்த ஊழலை ஒட்டி 1973-இல் கலைக்கப்பட்டது. மறுபடி கவுன்சிலர்கள் வந்தது 1996-இல். 23 வருடம். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பிறந்து, ஓட்டுரிமை பெற்று, அந்த ஓட்டைப் போட ஒரு வார்டு தேர்தல் இல்லாமல் வளர்ந்தார்கள். யார் வீட்டிலும் அடுப்பு எரியாமல் நிற்கவில்லை. அதன் பிறகும் மேயரை மக்களே தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்று ஆட்சிக்கு ஆட்சி, சில சமயம் ஒரே ஆட்சியில் இரண்டு தடவை சட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மக்கள் யாரும் கவலைப்படவில்லை. கிரிக்கெட்டில் டாஸ் முறை மாறினால்தான் கோபம் வரும்.

அடுத்து நிகழ்ச்சி நிரலில் மௌன அஞ்சலி என்று இருக்கிறது. இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கேலி வராது.

மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி என்று ஒரு கவுன்சிலர் இருந்தார். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். 1996-இல் ஜெயித்தார். அந்தப் பகுதியில் தண்ணீரை விற்றுக் காசு பார்த்தவர்களை எதிர்த்து, ஏழைத் தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் போராடினார். 1997 ஏப்ரல் 23-ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். அவர் கேட்டது குழாய்த் தண்ணீர்.

அதே மதுரை மாவட்டத்தில் மேலவளவு. 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. நிற்கக் கூடாது என்று மிரட்டினார்கள். முருகேசன் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30-ஆம் தேதி கலெக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸை மறித்து அவரையும் அவருடன் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஆயுள்தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையானார்கள். அடுத்த மாதம்தான் இந்த மாநிலம் அமைதியாக உள்ளாட்சித் தேர்தல் நடத்தியது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். நான்கு ஊர்களில் பட்டியல் சாதித் தலைவர் வரக் கூடாது என்று பத்து வருடம் தேர்தலை முறையாக நடக்க விடவில்லை, 2006-இல்தான் ஒழுங்காக நடந்தது. 2020-இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவரை மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிப் பணம் நகரும். ஒதுக்கீட்டில் வந்த தலைவரை மண்டியிட வைக்க, துணைத்தலைவர் பேனாவை மூடி வைத்தால் போதும். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். அந்த வார்டுகளில் நியாயமுள்ள நாலு பேர் நிற்காததால்தான் அந்தப் பேனா மூடிக் கிடக்கிறது.

பயப்பட உண்மையான காரணம் இருந்தவர்கள் நின்றார்கள். கழுத்துக்கு அரிவாள் வரும் என்று தெரிந்தும் நின்றார்கள். விழா நாயகரே, உங்களுக்கு என்ன பயம்? உங்கள் சாதியைச் சொல்லி யாரும் உங்களைத் தரையில் உட்கார வைக்கப் போவதில்லை. உங்கள் வேட்புமனுவைக் கிழிக்க யாரும் கத்தியோடு வரப்போவதில்லை. சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், அதுதானே? ஞாயிற்றுக்கிழமை தூக்கம் போய்விடும், அதுதானே? முருகேசன் செத்துக் காப்பாற்றிய நாற்காலியை, ஷாப்பிங் போகும் நேரம் குறையும் என்று நீங்கள் காலி விட்டிருக்கிறீர்கள்.

இனி ஏற்புரை. நீங்கள் என்ன பேசுவீர்கள் என்று எங்களுக்கு மனப்பாடம். ‘கட்சிக்காரன் விடமாட்டான்’ என்பீர்கள். கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினர் தேர்தலும் தலைவர் தேர்தலும் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. நீங்களும் அவரும் ஒரே வரிசையில் ஆளுக்கொரு சுயேச்சைச் சின்னத்தோடு நிற்பீர்கள். ‘பணம் வேண்டுமே’ என்பீர்கள். 2019-இல் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், தலைவருக்கு 600. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. உங்கள் பிள்ளையின் ஒரு வார டியூஷன் காசு. ‘ஓட்டுக்கு ஐந்நூறு கொடுக்கிறானே’ என்பீர்கள். கொடுக்கிறான், மறுக்கவில்லை. ஒரு வார்டில் சில நூறு ஓட்டு. அந்த வீடுகளில் பாதிப் பேரை உங்களுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். பேர் தெரியாது என்றால் அதுவே உங்களுக்கான முதல் வேலை. ‘ஊராட்சியில் உட்கார்ந்து என்ன கிழித்துவிட முடியும்?’ என்பீர்கள். விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு வந்து 1996-இல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரான இளங்கோ என்ன செய்தார் என்று போய்க் கேளுங்கள். கோவை மாவட்டம் ஓடந்துறையில் சண்முகம் தலைவராக இருந்தபோது ஊராட்சியே கடன் வாங்கிக் காற்றாலை வாங்கி, மின்சாரத்தை விற்றுக் கடனைக் கட்டியது. உங்கள் ஊரில் தெருவிளக்கு எரிவதற்கே மனு எழுதுகிறீர்கள்.

மனுப் போடும் வழி இவ்வளவுதான். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிய அங்குள்ள ஒரு வாக்காளர் வேண்டும். சொத்துக் கணக்கும் வழக்கு விவரமும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுத வேண்டும். ஒதுக்கீட்டில் நிற்பவர் சாதிச் சான்றிதழைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு மனுப் போட ஒரு வாரம்தான் கிடைக்கும்; சான்றிதழுக்கு அப்போது தாலுகா ஆபீஸில் நின்றால் தேர்தல் முடிந்து தலைவர் பதவியேற்றிருப்பார். தேர்தலே அறிவிக்கவில்லையா? ஆண்டுக்கு ஆறு கிராம சபை இருக்கிறது; தேர்தல் நடத்து என்று அதில் தீர்மானம் போடச் சொல்லி எழுந்து நில்லுங்கள். எழுதித் தராமல் தட்டிக் கழித்தால் அங்கேயே உட்காருங்கள். கலெக்டர் ஆபீஸுக்கு எழுதும் கையெழுத்தை இதற்கும் செலவழிக்கலாம்.

‘நின்றால் தோற்றுவிடுவேன்’ என்கிறீர்களா? தோற்றுப் போங்கள். ஏலக்காரருக்கு எதிரி உங்கள் வெற்றி இல்லை. கோயில் திடலில் கேட்ட பணம், மாற்றிய வெற்றிலை, பெரியமனுஷன் நெஞ்சை நிமிர்த்திய கர்வம் எல்லாம், வேறு ஒருவர் மனுப் போடமாட்டார் என்ற ஒரே நம்பிக்கையில் கட்டியவை. இரண்டாவதாக ஒரு மனு விழுந்த கணமே அன்னபோஸ்ட் செத்தது; வாக்குப்பெட்டி ஊருக்கு வந்தாக வேண்டும்; அவர் கிழவிகளிடம் கைகூப்பியாக வேண்டும். 50 லட்சத்தை 600 ரூபாய் தோற்கடிக்கிற இடம் இந்த நாட்டில் வேறெங்கும் கிடையாது. அந்த 600-ஐக் கட்ட மனமில்லை என்றால், அடுத்த முறை சாக்கடைப் படம் போடாதீர்கள்.